அவர் பெயர் சொன்ன வீடுகள்

எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நின்று யாராவது அண்ணாந்து பார்த்தால் இன்றைக்கும் நான் ஜன்னலுக்கு ஓடிவந்துவிடுகிறேன். கூரியர்க்காரராக இருக்கலாம், விலாசம் தெரியாமல் விழிக்கிற விருந்தாளியாக இருக்கலாம். அவர்கள் போகிற வரைக்கும் ஜன்னலை விட்டு நகர மாட்டேன். என்னை இப்படி ஆக்கிவிட்டுப் போனவர் ஒரே ஒரு மனிதர். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாதபோது பெயரை எழுதுவது சரியில்லை என்று தோன்றுகிறது.

அவர் வீடுகளுக்குப் பெயர் சொல்கிறவர். பெயர் என்றால் வாசலில் சலவைக்கல்லில் பொறிக்கிற பெயர் இல்லை. கட்டடங்களில் ஒவ்வொரு பாணிக்கும் ஒரு பெயர் உண்டல்லவா, அது. ஒரு வீட்டின் முன்னால் நிற்பார், தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், “ஆர்ட் டெகோ” என்பார். அடுத்த வீட்டுக்கு நகர்ந்து, “கிளாசிக்கல்னு நெனச்சுக் கட்டியிருக்கான். தூண் மட்டும்தான் கிளாசிக்கல், மிச்சமெல்லாம் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ்” என்பார். கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் தஞ்சாவூரா பாலக்காடா என்று சொல்லிவிடுகிற மாமாக்கள் இருப்பார்களே, அந்தச் சாமர்த்தியம்தான். அவர் சொல்லித் தவறியதை நான் பார்த்ததில்லை. அவர் நின்று பெயர் சொன்ன வீடு அதற்கப்புறம் அதிக நாள் நின்றதையும் பார்த்ததில்லை.

இதில் மாய மந்திரம் ஒன்றும் கிடையாது. அவர் ஒரு ப்ரொமோட்டரின் ஆள். கல்கத்தாவில் ப்ரொமோட்டர் என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்: பழைய வீட்டை மடக்கி, இடித்து, அந்த இடத்தில் அடுக்குமாடி எழுப்புகிறவர். சொந்தக்காரர்களிடம் கையெழுத்து வாங்க ஓர் ஆள், மணலும் கம்பியும் இறக்க ஓர் ஆள், அரட்டி உருட்ட ஓர் ஆள் என்று அவருக்குப் பல கைகள். இவர் அதில் எந்தக் கை என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. தமிழ்க் குடும்பங்கள் குடியிருக்கிற வீடு என்றால் இவரை அனுப்புவார்கள்.

நாங்கள் இருப்பது லேக் கார்டன்ஸில், ஒரு வங்காளிக் குடும்பத்தின் பழைய வீட்டில், கீழ்த்தளத்தில் வாடகைக்கு. அப்பா பாங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா. நான். எனக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. வீட்டுக்காரர் காலமானதும் கனடாவில் இருக்கும் மகன்கள் ப்ரொமோட்டருக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மாடி காலியாகிவிட்டது. கீழே நாங்கள்தான் பாக்கி. எங்கள் அனுமதி இல்லாமல் எங்களை வெளியேற்றச் சட்டம் இடம் தராது. ஆனால் ‘பிபஜ்ஜனக் பாடி’, அதாவது ‘அபாயகரமான வீடு’ என்று நகராட்சி ஒரு பலகையைக் கொண்டுவந்து சுவரில் மாட்டிவிட்டால் சட்டமும் கையை விரித்துவிடும். அந்தப் பலகை எப்போது வரும் என்பதுதான் எங்கள் பயம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போக வேறு இடம் இல்லை. சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்கிற ஊரில் அவர்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். ஒல்லி, வெளுத்த நீலச் சட்டை, தோளில் ஜோல்னாப் பை. நான் வங்காளியில் யார் வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வளைந்து போகிற பால்கனியையும், மாடிப்படி உள்ள இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஓடுகிற கண்ணாடியையும், கப்பலில் இருப்பதுபோல வட்டமான சின்ன ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது.

“ஸ்ட்ரீம்லைன்” என்றார் தமிழில். “ஆர்ட் டெகோவுலயே அதான் உசத்தி. மானே, வீடு நிக்குது, ஆனா ஓடுற மாதிரி இருக்கும். கப்பலைப் பார்த்துக் கட்டினது.”

கரக்பூர் ரெயில்வே காலனியில் வளர்ந்தவராம். அவருடைய தமிழில் தெலுங்கும் இந்தியும் வங்காளியும் வந்து குடியேறியிருந்தன. வாய்க்கு வாய் ‘மானே’ போடுவார். வங்காளியில் அது ‘அதாவது’ என்பதற்குச் சொல்கிற வார்த்தை. தமிழில் கேட்டால் யாரோ காதலியைக் கூப்பிடுவதுபோல இருக்கும். என்னை ‘திதி’ என்பார், அக்கா என்கிற அர்த்தத்தில். அப்பா பிறந்ததிலிருந்து கல்கத்தாவில் இருப்பவர், ஊரே அப்படிக் கூப்பிடுவது அவருக்குத் தெரியாதா? ஆனாலும் வந்தவர் போன பிறகு அப்பா சொன்னார்:

“திதி, திதிங்கறான். எனக்கு எப்போ திதின்னு கேக்கற மாதிரி இருக்குடி.”

நாங்கள் சிரித்தோம். அப்பா கூடச் சிரித்தார். அதுதான் அந்த விஷயத்தில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்த கடைசித் தடவை.

முதல் நாளே அவர் இன்னொன்றும் செய்தார். எங்கள் இரும்பு வாசல் கேட்டின் நடுவில் ஒரு தகரத் தகடு திருகி வைத்திருக்கும். அந்தத் தகட்டுக்கு ஒரு கதை உண்டு. அதன் அடியில் கம்பியிலேயே வளைத்துச் செய்த ஒரு சூரியன் இருக்கிறது. கீழே பாதி வட்டம், அதிலிருந்து விசிறி மாதிரி விரிகிற கதிர்கள். மெட்ராஸிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, “என்ன அத்திம்பேர், கல்கத்தாவுல கட்சிக் கிளை ஆரம்பிச்சிருக்கேளா?” என்று கேட்பார்கள். அப்பாவுக்கு அரசியல் வாடையே ஆகாது. பாங்க் ஆபீசர் வீட்டு வாசலில் தேர்தல் சின்னமா என்று அவருக்கு ஒரே கூச்சம். ஒரு தேர்தல் சமயத்தில், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, தகரத்தை வைத்து மூடிவிட்டார். உதயசூரியனுக்குப் பயந்து ஓர் ஆர்ட் டெகோ சூரியனை மறைத்த குடும்பம் கல்கத்தாவில் நாங்கள் ஒன்றாகத்தான் இருக்கும்.

அவர் தகரத்தின் ஓரத்தில் துருப்பிடித்திருந்த பொத்தல் வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். “உள்ள சன்பர்ஸ்ட் இருக்கு” என்று முணுமுணுத்தார். பிறகு தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஜுரம் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்தார். அம்மா காப்பி கொடுப்பாள். அம்மாவுக்குத் தமிழ் பேசுகிறவர் யார் வந்தாலும் போதும், திருடனுக்கும் டிகாஷன் இறக்குவாள். அவர் காலி செய்யச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குரலை உயர்த்தினதில்லை. கட்டடங்களைப் பற்றிப் பேசுவார், அவ்வளவுதான். அமெரிக்காவில் புல்வெளி நிலத்துக்கு ஏற்றபடி படுத்தாற்போலக் கட்டின வீடுகள். அவற்றுக்கு ‘ப்ரெய்ரி’ என்று பெயர், கூரை தாழ்வாக நீண்டு கிடக்கும். ஆப்பிரிக்காவில் மாலி தேசத்தில் முழுக்க மண்ணாலேயே எழுப்பின மசூதிகள். சுவரிலிருந்து பனங்கட்டைகள் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், வருஷா வருஷம் ஊரே திரண்டு அந்தக் கட்டைகளில் ஏறி நின்று சேறு பூசும். தென்னாப்பிரிக்காவில் ஒரு ஜனம், பெண்களே வீட்டுச் சுவரில் கட்டம் கட்டமாக வர்ணம் தீட்டுவார்கள். அம்மா வாசலில் போட்டிருந்த கோலத்தைக் காட்டி, “அவங்களும் உங்க மாதிரிதான் அம்மா, கோடு வளையாது, கை நடுங்காது” என்பார். அம்மா பூரித்துப் போவாள்.

ஆனால் கதை எல்லாம் ஒரே இடத்தில்தான் முடியும்.

“அந்த மண் மசூதி இருக்கே, ஒரு வருஷம் பூசாம விட்டா என்ன ஆகும்?” என்று அப்பா ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

“மழை கரைச்சிடும் சார். ஓசையே வராது. அப்படியே உக்காந்துடும்” என்றார் அவர், சர்க்கரை போதும் என்று சொல்கிற குரலில். “நியூயார்க்ல ஒரு ரெயில்வே ஸ்டேஷன் இருந்துச்சு. போஸார் ஸ்டைல். ரோமாபுரி அரண்மனை கணக்கா. எத்தனை தூண், எத்தனை கல்லு! இடிச்சாங்க. கல்லையெல்லாம் சதுப்பு நிலத்துல கொண்டு போய்க் கொட்டினாங்க. அமெரிக்காவுலயே இன்னொரு ஊர்ல மாடர்ன் ஸ்டைல்ல வரிசையா குவார்ட்டர்ஸ். ஏழை ஜனங்களுக்குன்னு கட்டினது. கவர்மெண்டே வெடி வெச்சுது. மானே, கட்டடம்னா அது எப்பிடி விழுதுங்கிறதும் அதோட ஸ்டைல்ல சேர்த்திதான் சார்.”

காப்பி நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

“மிரட்டினா போலீஸ்ல சொல்லலாம். அவன் எங்கே மிரட்டறான்? பாடம்னா எடுக்கறான்” என்றார்.

மனிதர்களுக்கும் பெயர் வைப்பார். அப்பா ப்ரூட்டலிசம்: பூசாத கான்கிரீட், பார்க்க முரடு, உள்ளே காற்றோட்டம். நான் போஸ்ட்மாடர்ன்: எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒட்டினது, எதிலும் முழு நம்பிக்கை கிடையாது. கோபம் வந்தாலும் அதில் ஒரு நியாயம் இருந்ததை மறுக்க முடியவில்லை. அம்மாவுக்கு மட்டும் பெயர் சொல்லவில்லை. அம்மா கேட்டே விட்டாள். “உங்களுக்கெல்லாம் இன்னும் பேரு வெக்கலைம்மா” என்றார். அவரிடம் நான் கேட்ட ஒரே இதமான வார்த்தை அதுதான்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொய் சொல்வார், தாராளமாக. ப்ரொமோட்டர் நல்லவர் என்பார். மாற்று வீடு தருவார்கள் என்பார். ஆனால் ஒரு பாணியின் பெயரை யாராவது தப்பாகச் சொன்னால் அவரால் தாங்க முடியாது. உடம்பே ஒரு மாதிரி ஆகிவிடும். துர்க்கா பூஜை சமயத்தில் எங்கள் பேட்டை கிளப் ஆட்கள் ‘ஆப்பிரிக்கக் கிராமம்’ என்று பந்தல் போட்டிருந்தார்கள். இங்கே பூஜைப் பந்தல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீம் உண்டு. அந்த வருஷம் எங்களுக்கு ஆப்பிரிக்கா வாய்த்தது. மூங்கிலிலும் களிமண்ணிலும் குடிசைகள், சுவர் முழுக்க முகமூடிகள், உள்ளே தேவி. பிரமாதமாகத்தான் இருந்தது. ஜனம் வரிசையில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. இவர் வந்தார். பார்த்தார். கிளப் செக்ரட்டரியைக் கூப்பிட்டு, மண் வீடு ஒரு தேசத்தினுடையது, அதில் மாட்டின முகமூடி ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள இன்னொரு ஜனத்தினுடையது, அதிலும் அது இழவு வீட்டில் போட்டு ஆடுகிற முகமூடி, கழற்றுங்கள் என்றார்.

செக்ரட்டரி சிரித்துக்கொண்டே, “தாதா, அழகா இருக்குல்ல, விடுங்க” என்றார், அண்ணா என்கிற அர்த்தத்தில்.

“அழகு இல்லேன்னு நான் சொல்லலையே. இந்த மாதிரி மொகத்தைப் பார்த்துத்தான் பாரிஸ்ல ஓவியருங்க மூக்கை ஒரு பக்கமும் கண்ணை ஒரு பக்கமும் வெச்சு கியூபிசம்னு ஆரம்பிச்சாங்க. ஆனா பேரு தப்பு. தப்பான பேரு போட்டு எழுதி வெச்சிருக்கீங்க.”

வாக்குவாதம் முற்றியது. யாரோ ஓர் ஆள் அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. அறைந்தவனிடமே திரும்பி அந்த முகமூடியின் சரியான பெயரை, குழந்தைக்குச் சொல்வதுபோல, அசை பிரித்துச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. இப்படிப்பட்ட ஓர் ஆளைப் பேசிக் கரைக்க முடியாது என்று எனக்கு அன்று தெரிந்தது.

பூஜை முடிந்ததும் பக்கத்து மனையில் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். எங்கள் சுவரை ஒட்டியே தோண்டினார்கள். கூடத்துச் சுவரில் ஓதம் ஏறியது. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகப் பரவியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தச் சுவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அமெரிக்காவுல துணியைத் தரையில விரிச்சு அது மேல சாயத்தை ஊத்தி ஊத்தி வரைவாங்க. அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்ப்ரெஷனிசம். மியூசியத்துல கண்ணாடி போட்டு வெச்சிருக்கான்.”

“எங்காத்துல அதுக்குப் பேர் ஓதம்” என்றார் அப்பா.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய், திட்டுகளின் நடுவில் மயிரிழை போல ஓடின ஒரு விரிசலில் நகத்தை வைத்துப் பார்த்தார். ஜன்னலின் மூலையிலிருந்து புறப்பட்டு அது கூரை வரைக்கும் போயிருந்தது. நாங்கள் அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை. அவர் அதற்கு ஒரு பெயரும் சொல்லவில்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். எல்லாவற்றுக்கும் பெயர் சொல்கிறவர் இதற்குச் சொல்லாமல் போனாரே என்று நாங்கள் மூன்று பேரும் அந்த விரிசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த வாரம் நான் இரண்டு காரியம் செய்தேன். இந்த வீட்டைப் பாரம்பரியக் கட்டடமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நகராட்சிக்கு மனுப் போட்டேன். சேர்த்துவிட்டால் இடிக்க முடியாது, பழுதுதான் பார்க்க வேண்டும். இரண்டாவது, அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்த விலாசத்தை வைத்து அவரைத் தேடிக்கொண்டு காளிகாட்டுக்குப் போனேன். கெஞ்சுவதற்கு என்றுதான் சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போகிற சந்துகளில் ஒன்று; செம்பருத்தி மாலையும் சங்கு வளையலும் விற்கிற கடைகளுக்குப் பின்னால், ஒரே ஓர் அறை. பட்டப்பகல். உள்ளே காலை வைத்தேன்.

சுவர் முழுக்க ஜன்னல்கள். மரச் சட்ட ஜன்னல், பச்சைப் பலகை அடுக்கின ஜன்னல், வட்ட ஜன்னல், வர்ணக் கண்ணாடி ஜன்னல். எல்லாம் சுவரில் சாத்தியும் மாட்டியும் இருந்தன. எந்த ஜன்னலுக்கும் அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, சுண்ணாம்புச் சுவர்தான். இடுக்குகளில் கதவுக் கைப்பிடிகள், மாடிப்படிக் கிராதித் துண்டுகள், தூணின் தலைகள். எல்லாம் இடிந்துபோன வீடுகளின் எலும்புகள். கட்டில் ஒன்று நடுவில் கிடந்தது. அவர் அங்கேதான் தூங்குகிறார்.

“வாங்க திதி” என்றார் சந்தோஷமாக. நிஜமான சந்தோஷம். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார். இது கரியாஹாட்டுக்குப் பின்னால் இருந்த வீடு, ஆர்ட் நூவோ, கொடி மாதிரி வளையும் பாருங்கள். இது இண்டோ-சாரசனிக், அந்த வீட்டுப் பாட்டி போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள், அதே கதவுதான் இது. சொல்லிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். அங்கே மட்டும் சுவர் காலியாக இருந்தது. சாக்பீஸால் ஓர் அரை வட்டம் போட்டு, அதிலிருந்து கோடுகள் இழுத்திருந்தார்.

“இது உங்க கேட்டு சூரியனுக்கு” என்றார். “வேற யார் கைலயாச்சும் போனா பழைய இரும்புக்குப் போட்டுடுவான். நான் பத்திரமா வெச்சுப்பேன்.”

அவர் எங்களை வெறுக்கவில்லை. எங்கள் வீட்டை எங்களைவிட அதிகமாக நேசித்தார். ஆனால் அது விழப்போகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இதுதான் என்னைக் கிலி பிடிக்க வைத்தது. கெஞ்சாமலே வெளியே வந்தேன். மெட்ரோ ஸ்டேஷன் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நகராட்சியிலிருந்து பார்வையிட வந்தார்கள். விரிசலைப் பார்க்க ஓர் இன்ஜினீயர், வீட்டின் பாணியைப் பார்க்க ஓர் அம்மாள். வாசலில் ப்ரொமோட்டரும் வந்து நின்றார், ஏலக்காயை மென்றுகொண்டு, வெள்ளைச் சட்டையில். தன் தரப்பு நிபுணராக நம் ஆளை அழைத்து வந்திருந்தார். இந்த வீட்டுக்குத் தனிப் பாணி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், பலகை மாட்டிவிடலாம். அம்மா எல்லோருக்கும் காப்பி கலந்தாள். அப்பா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றவர் திரும்பி வரவே இல்லை.

“சொல்லுங்க” என்றார் அந்த அம்மாள்.

“மிக்ஸ்டு” என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு. “குறிப்பிட்டு ஒரு ஸ்டைல்னு சொல்ல முடியாது.”

முடிந்தது என்று நினைத்தேன். இன்ஜினீயர் பேனாவை எடுத்தார். அந்த அம்மாள் வளைந்த பால்கனியை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்ஜினீயரிடம் சாதாரணமாகச் சொன்னார்:

“பழைய கலோனியல் வீடு. ஊர் முழுக்க இருக்கு. கலோனியல்னே எழுதிக்கோங்க.”

நம் ஆளின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். பந்தலில் பார்த்த அதே முகம்.

“கலோனியலா?” என்றார். “கலோனியலா மேடம்? எங்க இருக்கு தூண்? எங்க இருக்கு ஆர்ச்சு? இந்த மூலை எப்பிடித் திரும்புது பாருங்க. இந்த வட்ட ஜன்னல் எந்த வெள்ளைக்காரன் பங்களாவுல இருக்கு?” ப்ரொமோட்டர் மெல்லுவதை நிறுத்தினார். இவர் ஜோல்னாப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். துருவேறின திருகாணிகள் லேசில் வரவில்லை. கை கிழிந்து ரத்தம் வந்தது. யாரும் அவரைத் தடுக்கவில்லை. என்ன செய்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. தகரம் கழன்று தெருவில் விழுந்தது. கம்பிச் சூரியன் வெளியே வந்தது.

“சன்பர்ஸ்ட். ஆர்ட் டெகோ. ஸ்ட்ரீம்லைன். கல்கத்தாவுல இவ்வளவு சுத்தமா இன்னொண்ணு நான் பார்த்ததில்லை. எழுதுங்க” என்றார்.

அந்த அம்மாள் எழுதினார். போட்டோ எடுத்தார். மேலே விசாரணை முடிகிறவரை வீட்டைத் தொடக்கூடாது என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா காப்பித் தம்ளரை நீட்டினபோது அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் மேல் இரக்கப்பட்டுச் செய்தார் என்று நான் நம்பவில்லை. தப்பான பெயரை அவரால் சகிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ப்ரொமோட்டர் அவர் தோளில் கையைப் போட்டு, “வாங்க தாதா, வண்டியில ஏறுங்க” என்று வங்காளியில் அன்பாகத்தான் கூப்பிட்டார். அவர் ஏறினார். பின் சீட்டில், கிழிந்த கையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. “உடம்பு சரியில்லையோ என்னமோ” என்றாள் அம்மா. நான் காளிகாட்டுக்குப் போனேன். அறை திறந்து கிடந்தது. ஜன்னல்கள் ஒன்றுகூட இல்லை. சங்கு வளையல் கடைப் பெண்ணிடம் கேட்டேன். லாரி வந்து சாமான்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனது என்றாள். அவரும் கூடப் போனாரா என்று கேட்டேன். அவரைப் பார்த்தே பல நாள் ஆகிறது என்றாள். போலீஸில் சொல்லலாம் என்றால், நாங்கள் அவருக்கு யார்? எங்களை வீட்டை விட்டு எழுப்ப வந்தவரைக் காணவில்லை என்று நாங்களே போய்ச் சொல்வதா? இத்தனை நாளும் அவர் வந்துவிடுவாரோ என்று பயந்தோம். பிறகு அவருக்காகப் பயப்பட ஆரம்பித்தோம். அப்பா வாய்விட்டே சொன்னார், “பாவம், நல்ல ரசிகன்” என்று.

போன மாதம் ஒரு காலை வேளையில் ப்ரொமோட்டரின் வேறு ஓர் ஆள் வந்தான். வயது முப்பதுக்குள் இருக்கும். சுத்தமான உடுப்பு, நல்ல ஷூ, மரியாதையான பேச்சு. கேட்டைத் திறந்துகொண்டு நேரே வந்து வாசற்படியில் நின்றான். வீட்டைப் பார்ப்பானா என்று அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை. பால்கனியை ஏறிட்டும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான், என் பின்னால் கூடத்தைப் பார்த்தான், செருப்பு ஸ்டாண்டில் அப்பாவின் கான்வாஸ் ஷூ இல்லாததைப் பார்த்தான்.

“மேஷோமஷாய் வாக்கிங் போயிருக்காரா?” என்று வங்காளியில் கேட்டான், சொந்தச் சித்தப்பாவை விசாரிக்கிற மாதிரி. “லேக்குக்குத்தானே? எந்தப் பக்கமா போவாரு? பாலத்து மேலயா, ரெயில்வே லைனைத் தாண்டியா?”

நான் கதவைச் சாத்தப் போனேன். அதற்குள் சமையலறையிலிருந்து அம்மாவின் பதில் வந்துவிட்டது, பேச ஆள் கிடைத்த உற்சாகத்தில், அவளுடைய அழகான வங்காளியில்:

“லைனைத் தாண்டித்தான் போவார் பாபா. தினமும் தனியா. காதும் சரியாக் கேக்கறதில்லை. பாலத்து மேல சுத்திப் போங்கோன்னு எத்தனை சொன்னாலும் கேக்கறதில்லை. நீயாவது அவர்கிட்டச் சொல்லேன்.”

“கண்டிப்பா சொல்றேன், மாஷிமா” என்றான் அவன்.